படிக்க முடிந்த ஒரே கையெழுத்து

மூன்றாவது காகிதத்தையும் அவள் அப்பாவின் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் ஏறி நின்று, பல்லால் கடித்துக் கிழித்த பிளாஸ்திரியை நான்கு மூலையிலும் கட்டைவிரலால் அழுத்தினாள். 'இடது காது கேட்காது. வலது பக்கம் வந்து பேசவும்.' முதல் காகிதத்தில் தயவுசெய்து என்று தொடங்கியிருந்தாள். இரண்டாவதில் அதற்கு இடம் போதவில்லை. மூன்றாவதில் வேண்டுமென்றே விட்டுவிட்டாள்.

கீழே துடைப்பத்தை ஊன்றியபடி நின்ற துப்புரவுப் பணிப்பெண் அண்ணாந்து பார்த்தாள்.

"செவுத்துல எதையும் ஒட்டக் கூடாதும்மா. பெயிண்ட் உரியுதுன்னு என்னைத்தான் திட்டுவாங்க."

"யாரு திட்டுவாங்க? பேரைச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்."

"பேரெல்லாம் எனக்கு எப்படித் தெரியும். தினம் ஒருத்தர் வந்து திட்டுறாங்க."

"அப்ப நேத்து இதைக் கிழிச்சது யாரு?"

"நேத்து எனக்கு லீவும்மா."

ஒன்பது நாளாக அவள் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். நேத்து எனக்கு லீவு. அது முந்தின ஷிப்ட். நான் இந்த வார்டு இல்லை, பக்கத்து வார்டு. அதை டாக்டர்கிட்ட கேளுங்க. அதை நர்ஸ்கிட்ட கேளுங்க. மின்சார அலுவலகத்தில் புகார்த் தொலைபேசியில் உட்கார்ந்து பதினெட்டு வருடம் ஓட்டியவள் அவள். இப்படிப்பட்ட பதில்கள் எல்லாம் அவளுக்கே அத்துப்படி. ஆனால் அவற்றை வாங்கிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்பது இங்கே வந்துதான் தெரிந்தது.

கட்டிலில் அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். மூக்கில் சாப்பாட்டுக் குழாய். இரண்டு கைகளிலும் பஞ்சு அடைத்த உறை, மணிக்கட்டில் நாடாவால் கட்டியிருந்தது. குத்துச்சண்டைக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். இரண்டு தடவை குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டதால் அந்த உறை. பிடுங்கியதற்குக் காரணம் அவர் குழப்பத்தில் இருப்பது என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தார்கள்.

அவர் குழப்பத்தில் இல்லை. காது கேட்காமல் இருந்தார். பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் உடற்பயிற்சி ஆசிரியர். விசில் வாத்தியார் என்றால்தான் ஊரில் தெரியும். விசில் ஊதி ஊதியே இடது காது போய்விட்டது என்பார். அப்படியெல்லாம் போகாது என்று காது டாக்டர் சொன்னதை அவர் நம்பவே இல்லை. கட்டிலின் வலது பக்கம் சுவரை நெருங்கிக் கிடந்தது, நடுவில் முக்கால் அடி சந்து மட்டும். இடது பக்கத்தில்தான் வாசல், திரை, மருந்து வண்டி எல்லாம். வருகிறவர்கள் அத்தனை பேரும் இடது பக்கம் நின்று, "தாத்தா, இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்கள். தாத்தா சும்மா இருந்தார். அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

கட்டிலைத் திருப்பிப் போட முடியுமா என்று இரண்டாவது நாளே கேட்டாள். ஆக்சிஜன் குழாய் அந்தச் சுவரில்தான் இருக்கிறது என்றார்கள். அதுவாவது ஒரு பதில்.

எட்டே காலுக்கு ரவுண்ட்ஸ் வந்தது. முன்னால் பெரிய டாக்டர், பின்னால் ஐந்தாறு சின்ன டாக்டர்கள். கட்டிலின் கால்மாட்டில் நின்று, திரையில் ஓடும் எண்களைப் பார்த்துப் பேசினார்கள். அப்பா கண்ணைத் திறந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்தார்.

"டாக்டர், இன்னைக்கு எப்படி இருக்கு?"

"அதே ட்ரீட்மென்ட் போயிட்டிருக்கும்மா."

"அது தெரியும். எப்படி இருக்குன்னு கேட்டேன்."

பெரிய டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உங்க அண்ணன்கிட்ட எல்லாம் விளக்கமா சொல்லியிருக்கேனே."

அண்ணன் ஆறு மணி நேரப் பயணத்தில் இன்னொரு ஊரில் இருந்தான். பெரிய டாக்டர் ஐந்தாவது நாள் அவனுக்குப் போன் போட்டு, இதயம் இனித் தேறாது, சிறுநீரகமும் நின்றுகொண்டு வருகிறது என்று சொல்லியிருந்தார். சேர்க்கும்போது எழுதிய படிவத்தில் முதல் எண் அவனுடையது, அதனால். அவன் அதைக் கேட்டு அழுதுவிட்டு, பத்து நிமிடம் கழித்து தங்கைக்குப் போன் செய்தான். அப்பாவின் கட்டிலுக்கு அரை அடி தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளுக்கு அப்பாவின் நிலைமை ஆறு மணி நேரத் தொலைவிலிருந்து வந்து சேர்ந்தது. கடைசியில் அவன், "அப்பாகிட்ட மட்டும் எதுவும் சொல்லிடாதே. டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். அவர் தாங்க மாட்டார்" என்றான்.

அவளும் சொல்லவில்லை. நான்கு நாளாக அவர் முகத்தைப் பார்த்து, "எல்லாம் சரியாயிடும்ப்பா" என்று வலது காதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் காதுக்கு வேறு எந்தச் செய்தியும் போகவில்லை.

ரவுண்ட்ஸ் போனபிறகு வெளியே போய் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"கெளம்பி வா. மூச்சு வேற மாதிரி இருக்கு."

"டாக்டர் சொன்னாரா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. நான் சொல்றேன். வா."

திரும்பி வந்தபோது புதிதாக ஒரு நர்ஸ் கட்டிலருகே நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, கழுத்தில் அடையாள அட்டை. ஆள் குறைவென்று இன்றைக்கு மட்டும் வேறு வார்டிலிருந்து அனுப்பியிருந்தார்கள். இன்னொருத்தியா என்றிருந்தது இவளுக்கு. இனி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். காது, குழாய், குழப்பம் இல்லை, தாத்தா என்று கூப்பிடாதீர்கள்.

நர்ஸ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. படித்தாள். பிறகு ஸ்டூலை நகர்த்தி, மேசையைத் தள்ளி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி அந்த முக்கால் அடி சந்துக்குள் நுழைந்தாள். குனிந்து அவர் வலது காதருகே, கத்தாமல், நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"வணக்கம். நான் உங்க நர்ஸ். சாயங்காலம் வரைக்கும் நான்தான் பாத்துக்கப் போறேன். உங்கள எப்படிக் கூப்பிடட்டும்?"

அப்பாவின் கண் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது.

"சார்னு கூப்பிடு."

"சரிங்க சார். இன்னைக்கு என்ன கிழமைன்னு தெரியுமா உங்களுக்கு?"

"வியாழன். இந்தக் கேள்விய உங்க ஆளுங்க எவனும் உருப்படியா கேக்கல. வாய மட்டும் அசைக்கிறானுங்க."

நர்ஸ் சிரிக்கவில்லை. நாடாவை அவிழ்த்து இரண்டு உறைகளையும் கழற்றினாள். உள்ளே விரல்கள் ஊறி வெளுத்துப் போயிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"குழாய ஏன் சார் பிடுங்கினீங்க?"

"அது எதுக்குன்னு யாரும் சொல்லல. மூக்குல பாம்பு விட்டா பிடுங்காம?"

மகளுக்கு அப்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நர்ஸ் மேல் இல்லை. இவ்வளவுதானா என்று வந்த ஆத்திரம். எட்டு நாள், இருபத்துநாலு ஷிப்ட். ஒரு ஸ்டூலை நகர்த்தியிருந்தால் போதும்.

அப்பா நர்ஸின் முகத்தை விடாமல் பார்த்தார்.

"எனக்கு என்ன ஆச்சு?"

"நான் டாக்டர் இல்ல சார். எனக்குத் தெரிஞ்சத சொல்லலாம், தெரியாதத கேட்டுட்டு வரலாம். உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?"

"முழுசா."

"சரி. டாக்டரக் கூட்டிட்டு வர்றேன். பத்து நிமிஷம் ஆகும். அதுக்கு மேல ஆனா நானே வந்து சொல்றேன், இன்னும் ஆகலைன்னு."

பன்னிரண்டு நிமிடமானது. பத்தாவது நிமிடம் நர்ஸ் திரைச்சீலையை விலக்கி, "இன்னும் ரெண்டு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சின்ன டாக்டர் வந்தார். ரவுண்ட்ஸில் பின்வரிசையில் நிற்கும் பையன். கண்ணுக்குக் கீழே கறுப்பு, மூன்று நாளாகத் தூங்காத முகம். திரைச்சீலைக்கு வெளியிலேயே நின்றார்.

"சிஸ்டர், பேஷண்ட்கிட்ட சொல்ல வேண்டாம்னு அவங்க பையன் கேட்டிருக்கார். பெரிய டாக்டரும் சரின்னுட்டார்."

"பேஷண்ட் கேக்கிறார் டாக்டர். தெளிவா இருக்கார். நான் பேசிட்டுத்தான் வர்றேன்."

"கன்ஃப்யூஸ்டுன்னு போட்டிருக்கே."

"காது கேக்கல. சுவத்துல எழுதியிருக்கு."

சின்ன டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் வேறெங்கோ பார்த்தாள். வாயைத் திறந்தால் எட்டு நாளும் வெளியே வந்துவிடும் என்றிருந்தது.

டாக்டர் சந்துக்குள் நுழைந்து, கட்டில் விளிம்பில் கொஞ்சமாக உட்கார்ந்தார். குரல் முதலில் ஒரு மாதிரி இருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். இதயம் ஓய்ந்துகொண்டிருக்கிறது. சிறுநீரகம் வேலை செய்யவில்லை. நுரையீரலில் நீர் ஏறுகிறது. மருந்து இனி வேதனையைக் குறைக்கும், குணமாக்காது.

"எத்தனை நாள்?"

"நாள்னு சொல்ல முடியாது சார். மணிக்கணக்காக்கூட இருக்கலாம்."

அப்பா கூரையைப் பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"இதச் சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகல உனக்கு" என்றார். "போ தம்பி. போய் முகத்தக் கழுவு."

டாக்டர் எழுந்து போனார். நர்ஸும் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போய்விட்டாள். அப்பா மகள் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல இன்னும் கொஞ்சம் வழி இருந்தது. அவள் குனிந்தாள்.

"தெரியும்ப்பா."

"எப்பலேர்ந்து?"

"நாலு நாளா."

கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளைகளிடம் அவர் கத்த மாட்டார், பேசாமல் பார்ப்பார், அதற்கே பயல்களுக்கு உதறும் என்று சொல்லக் கேட்டிருந்தாள். வீட்டில் அந்தப் பார்வை வந்ததில்லை. இப்போது வந்தது. பிறகு அதுவும் போய், வெளுத்த விரல்களால் அவள் புறங்கையை இரண்டு தரம் தட்டினார்.

"உங்கண்ணன் வேலையா?"

"ரெண்டு பேரும்தான்."

"போனப் போடு."

அண்ணன் பேருந்தில் இருந்தான். அவள் போனை அவர் வலது காதில் வைத்துப் பிடித்தாள். எடுத்ததும் அந்தப் பக்கம், "அப்பா, ஒண்ணுமில்லப்பா, எல்லாம் சரியாயிடும்" என்றது.

"போதும்டா. நீதான் சொல்ல வேணாம்னியா?"

பேருந்து இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான்ப்பா."

"நான் தாங்க மாட்டேனா, நீ தாங்க மாட்டியா?" மூச்சு வாங்கியது. நிறுத்தி எடுத்தார். "சரி விடு. ஜன்னல் பக்கம் உக்காராத, வெயில் அடிக்கும். பாத்து வா."

போனை எடுத்தபோது அதில் அவர் காதின் வியர்வை இருந்தது.

நர்ஸ் வந்து என்ன வேண்டுமென்று கேட்டாள். அப்பா இரண்டு விஷயம் சொன்னார். குழாய் வேண்டாம். ஒரு டீ வேண்டும்.

அப்பாவின் தலைக்கு மேல் சுவரில் ஒரு பலகையும் தொங்கிக்கொண்டிருந்தது. 'வாய்வழி எதுவும் கூடாது.' அதை மட்டும் ஒருவரும் கிழிக்கவில்லை. விழுங்கும்போது நுரையீரலுக்குள் போய்விடும் என்பது காரணம். அந்தத் தடையை நீக்க வேண்டுமானால் விழுங்கும் திறனைப் பார்க்கிறவர் வந்து பார்த்து எழுத வேண்டும். அவருக்கு இந்த வாரம் விடுமுறை. இல்லையென்றால் பெரிய டாக்டர். பெரிய டாக்டர் ஒரு மீட்டிங்கில். மீட்டிங் எங்கே என்று வரவேற்பில் கேட்டால் அலுவலகத்தில் கேட்கச் சொன்னார்கள். அலுவலகத்தில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே, "வார்டுல சொல்லியிருப்பாங்களே" என்றார். மகள் மூன்று மாடி ஏறி இறங்கினாள். ஒரு டம்ளர் டீக்காக மனுஷி இத்தனை படி ஏறியதை அவள் தெருவில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

திரும்பி வந்தபோது நர்ஸ் மேசைத் தொலைபேசியில் சின்ன டாக்டரைப் பிடித்திருந்தாள். அவர் அதற்குள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடியிருந்தார். இவளைப் பார்த்ததும் நர்ஸ் குரலைத் தாழ்த்தவில்லை.

"நீங்க சொன்னதத் திருப்பிச் சொல்றேன் டாக்டர். குழாய எடுத்துடலாம். நிமிர்த்தி உக்கார வெச்சு, ஸ்பூன்ல, கொஞ்சம் கொஞ்சமா டீ. ஆபத்து இருக்குன்னு பேஷண்டுக்கும் மகளுக்கும் சொல்லணும். இருமினா நிறுத்தணும். சரியா? வந்து எழுதிடுங்க டாக்டர். மறந்துடாதீங்க."

வைத்துவிட்டு இவளிடம் வந்தாள்.

"உள்ள போயிட்டா மூச்சுத் திணறலாம். நேரம் இன்னும் குறையலாம். அப்பாகிட்டயும் சொல்லப்போறேன். உங்களுக்கு சம்மதமா?"

"அவருக்குச் சம்மதம்னா எனக்கும்தான்."

நர்ஸ் அப்பாவுக்கும் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "சர்க்கரை போடச் சொல்லு" என்றார்.

குழாயை எடுத்தபிறகு ஏழு ஸ்பூன் குடித்தார். மூன்றாவதில் இருமினார். நர்ஸ் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு முதுகைத் தாங்கிப் பிடித்துக் காத்திருந்தாள். அவரே வாயைத் திறந்த பிறகுதான் நான்காவது. ஏழாவது முடிந்ததும் கையை நீட்டிப் போதும் என்றார். சர்க்கரை குறைச்சல் என்றும் சொன்னார். ஒன்பது நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் ஏதோ ஒன்று தன்னிடத்துக்குத் திரும்பி வந்திருந்தது.

நர்ஸ் கேஸ் ஷீட்டை மடியில் வைத்து எழுதினாள். மணி, அளவு, யார் சொன்னது, யாரிடம் கேட்டது, இருமியது. கீழே முதலெழுத்தோடு தன் முழுப் பெயர், பணி எண். குழந்தை எழுதுகிற மாதிரி தனித்தனி எழுத்து.

ஒரு மணிக்குமேல் அவர் பேசவில்லை. நர்ஸ் வந்து நாடியைப் பார்த்துவிட்டு, மகளைத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கமே உட்கார வைத்துச் சொன்னாள்.

"இனிமே மூச்சு நின்னு நின்னு வரும். நடுவுல ரொம்ப நேரம் நிக்கும், திரும்ப வரும். தொண்டையில சத்தம் கேக்கும். பாக்கிற நமக்குத்தான் கஷ்டமா இருக்கும், அவருக்கு வலி தெரியாது. பயமா இருந்தா பெல்ல அழுத்துங்க. ஒண்ணும் இல்லைனாலும் அழுத்துங்க."

அவள் சொன்னபடியே வந்தது. நின்றது, வந்தது. நின்றது, வந்தது. மகள் அந்தச் சந்துக்குள் போய் நின்றுகொண்டு காதில் எதையாவது சொல்லலாமா என்று பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. வீட்டு மோட்டார் ரிப்பேர் ஆனதையும், எதிர்வீட்டுக்காரர் அவரைக் கேட்டதையும் சொன்னாள். இரண்டு நாற்பதுக்கு நின்ற மூச்சு திரும்பவில்லை. அவள் இருபது வரை எண்ணினாள், பிறகு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். அப்புறம்தான் பெல்லை அழுத்தினாள்.

வேறொரு டாக்டர் வந்து பார்த்து, நேரத்தைச் சொல்லிவிட்டுப் போன இருபதாவது நிமிடம், ஒரு இளைஞன் நடைச்சட்டம் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"பிசியோ. தாத்தாவ இன்னைக்கு நாலு அடி நடக்க வைக்கணும்."

அவள் போர்வையைப் பார்த்தாள். தலைவரை மூடியிருந்தது.

"நாளைக்கு வரட்டுமா?" என்றான் அவன்.

சிரிப்புதான் வந்தது அவளுக்கு. வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் கேட்டு ஓடிவந்த நர்ஸ் அவனைத் தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

அண்ணன் நான்கரைக்கு வந்தான். தோளில் பையோடு போர்வையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு கேஸ் ஷீட்டை எடுத்துப் புரட்டினான். அழுகை நின்றது.

"டீ குடுத்திருக்காங்க."

"அப்பாதான் கேட்டார்."

"தண்ணிகூடக் குடுக்கக் கூடாதுன்னு பலகை தொங்குது. இந்தம்மா டீ குடுத்திருக்கு. பன்னெண்டரைக்கு டீ, ரெண்டு நாப்பதுக்கு போயிட்டார். நான் வர்ற வரைக்கும் இருந்திருப்பாரு." "விட மாட்டேன்."

இருவரையும் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அறையில் உட்கார வைத்தார்கள். அறையில் குளிர் அதிகம். கண்காணிப்பாளர் அம்மாள் வருத்தம் தெரிவித்துவிட்டு, ஒரு படிவத்தை நீட்டினார். முதல் வரியிலேயே கேட்டிருந்தது: யார் மீது புகார், பெயர், பணி எண்.

அண்ணன் கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதத் தொடங்கினான். அவள் அந்தக் காகிதக் கட்டை அவன் கையிலிருந்து வாங்கினாள். முதல் நாளிலிருந்து புரட்டினாள். அவள் ஒன்பது நாளாக இதற்குத்தான் காத்திருந்தாள். தலைக்குள் புகார் முழுதாகத் தயாராக இருந்தது, தேதிவாரியாக. காகிதத்தைக் கிழித்தவர், உறை கட்டியவர், கேட்ட கேள்விக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவர். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். ஒரு கோடு. ஒரு சுழி. மழையில் நனைந்த மாதிரி ஒரு கிறுக்கல். பல இடங்களில் அதுவும் இல்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு பெயர், தனித்தனி எழுத்தாக.

மின்சார அலுவலகத்தில் அவளே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள், பெயரும் எண்ணும் இல்லாத புகாரை எடுக்க முடியாது என்று.

"இந்த எண்ட்ரியில ஒரு சிக்கல் இருக்கும்மா" என்றார் கண்காணிப்பாளர். "டாக்டர் போன்ல சொன்னதா சிஸ்டர் எழுதியிருக்காங்க. டாக்டர் எதுவும் எழுதல. கையெழுத்து இல்லாம, போன்ல கேட்டேன்னு யார் வேணா எழுதலாம். நீங்க குடுத்தீங்கன்னா நாங்க நடவடிக்கை எடுக்கலாம்."

"நான் பக்கத்துல நின்னேன். கேட்டேன்."

அண்ணன் திரும்பினான். "அவர் குழப்பத்துல இருந்தாருடி. கேஸ் ஷீட்டுலயே போட்டிருக்கு. அவர் கேட்டார்னு குடுப்பாங்களா?"

"யார் போட்டது?" அவள் அந்தப் பக்கத்தைத் திருப்பி அவன் முன்னால் வைத்தாள். "பேர் இருக்கா பாரு. இருந்தா படி."

அவன் பார்த்தான். ஏறி இறங்கும் ஒரு கோடு இருந்தது.

"உன்னோட பேசினாரே காலைல. குழப்பத்துலயா பேசினார்?"

பேருந்தில் பட்ட வெயிலில் அவன் ஒரு கன்னம் மட்டும் சிவந்திருந்தது.

அவள் புதுப் படிவம் ஒன்று கேட்டு வாங்கினாள். நேரம் போட்டு எழுதினாள். காலை பதினொன்றரை: நோயாளி தானே டீ கேட்டார். பன்னிரண்டு பத்து: நர்ஸ் டாக்டரிடம் தொலைபேசியில் பேசினார், டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்தார், நான் கேட்டேன். பன்னிரண்டே கால்: ஆபத்தை எங்கள் இருவரிடமும் சொன்னார். பிறகு கீழே, யார் மீது புகார் என்ற இடத்தில், முதல் நாள் காலை ஷிப்ட், பெயர் எழுதவில்லை. முதல் நாள் மாலை ஷிப்ட், படிக்க முடியவில்லை என்று தொடங்கி இருபத்துநாலு வரி எழுதினாள். பின்பக்கமும் போனது. கை வலித்தது. உதறிவிட்டு எழுதினாள்.

கண்காணிப்பாளர் வாங்கிப் பார்த்தார். "இப்படி எழுதினா நாங்க எப்படிம்மா எடுத்துக்கிறது?"

"எடுத்துக்க முடியாதுன்னு எழுதிக் குடுங்க. உங்க பேர் போட்டு."

கண்காணிப்பாளர் புகாரை வாங்கிக்கொண்டதற்குப் போடும் முத்திரையைத் தேடினார். மேசையில் இல்லை. பக்கத்து அறையிலிருந்து வரவேண்டும். அதற்குள் சின்ன டாக்டரைக் கூப்பிட்டனுப்பியிருந்தார்.

அவர் வந்து கதவருகே நின்றார். விஷயத்தைச் சொன்னார்கள். அவர் முதலில் கண்காணிப்பாளரைப் பார்த்தார். பிறகு மேசையில் திறந்துகிடந்த பக்கத்தை. ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் நின்ற அந்த நேரம், அப்பாவின் மூச்சு நின்ற நேரத்தைவிட நீண்டதாக இருந்தது.

"பேனா குடுங்க" என்றார்.

அவள் தன் பேனாவைக் கொடுத்தாள். 'தொலைபேசியில் நான் சொன்னேன். எழுதத் தாமதம் என்னுடையது' என்று எழுதி, மணியைப் போட்டு, கையெழுத்திட்டார்.

"படிக்க முடியல" என்றாள் அவள்.

அவர் குனிந்து, கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

அண்ணன் தான் எழுதிய படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கிழித்துப் போடவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

அமரர் ஊர்தி வர ஐந்தரை ஆகிவிட்டது. எந்த வாசல் என்று ஓட்டுநருக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லையாம். பின்வாசல் போய், முன்வாசல் வந்து, மறுபடி பின்வாசல் வந்தேன் என்று அலுத்துக்கொண்டார். அண்ணன் முன்னால் ஏறினான். அவள் பின்னால், நீளப் பலகையில், அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

வளாகத்தைத் தாண்டியதும் சிக்னலில் வண்டி நின்றது. பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் அந்த நர்ஸ் இருந்தாள். சீருடை இல்லை, சாதாரண உடை. ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பாதத்தை மறு தொடைமேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். மடியில் டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. மத்தியானச் சாப்பாடு. இடையிடையே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள், பேருந்து வருகிறதா என்று பார்த்தாள்.

வண்டியை அவள் கவனிக்கவில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கண்ணாடி மேலே ஏற்றியிருந்தது. மகள் அதை இறக்கும் பிடியைத் தேடினாள். பிடி உடைந்துபோய், ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆணியை இரண்டு விரலால் பிடித்துத் திருகினாள். கொஞ்சம் இறங்கியது.

நர்ஸ் டிபன் பாக்ஸை மூடினாள். அவள் பேருந்து வந்துவிட்டது.